மஜெண்டோ, எஸ்ஏபி காமர்ஸ், ஷாப்பிஃபை பிளஸ்: எதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பெரிய ஆன்லைன் கடைகளை மாற்றியமைக்க ஆள் எடுக்கும்போது "பிஎச்பி தெரியுமா, ஜாவா தெரியுமா" என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது. நிரல்மொழி மட்டும் தெரிந்தால் பாதி வேலைகூட ஆகாது. கடையை இயக்கும் மென்பொருள் தளம் எந்த இடத்தில் கைவைக்க விடுகிறது என்று தெரிவதுதான் முக்கியம். ஒரே கோரிக்கையை மஜெண்டோ, எஸ்ஏபி காமர்ஸ், ஷாப்பிஃபை பிளஸ் என்ற மூன்று தளங்களிலும் வைத்துப் பார்ப்போம்: மொத்த வியாபாரிகள் செக்அவுட்டில் (பணம் செலுத்தும் பக்கத்தில்) 15 எழுத்துகள் கொண்ட ஜிஎஸ்டி எண்ணைக் கொடுக்க வேண்டும், அது ஆர்டரிலும் பதிவாக வேண்டும்.

மஜெண்டோ 2-இல் நல்ல பிஎச்பி ஆளே முதலில் திணறிப்போவார். வாடிக்கையாளர் விவரம் இஏவி முறையில், அதாவது மதிப்பின் வகைக்கேற்ப, எழுத்து, எண், தேதி என்று பல டேபிள்களில் பிரிந்து கிடக்கும். டேட்டா பேட்ச் (டேட்டாபேஸில் ஒருமுறை ஓடும் மாற்ற நிரல்) எழுதிப் புதிய புலத்தைச் சேர்ப்பது சுலபம். செக்அவுட் திரையில் அதைக் காட்டுவதுதான் பெரும்பாடு. அங்கே நாக்அவுட், ரெக்வயர் ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் இரண்டும் வேண்டும். கார்ட்டிலிருந்து ஆர்டருக்கு எண்ணைக் கொண்டுபோகத் தனியாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டரில் அந்த இடம் காலியாகவே இருக்கும். இத்தனையையும் மூல நிரலைத் தொடாமல் பிளகின் வழியாக, அதாவது அசல் மெத்தடுக்கு முன்னோ பின்னோ சுற்றியோ நம் நிரலைச் சேர்த்துச் செய்ய வேண்டும். சுற்றி ஓடும் 'அரவுண்ட்' பிளகினில், அசலை ஓடவிடும் ப்ரொசீடை அழைக்க மறந்தால் அசல் மெத்தட் ஓடவே ஓடாது. முன்னால் ஓடும் 'பிஃபோர்', பின்னால் ஓடும் 'ஆஃப்டர்' போதும் என்கிற இடத்தில் அதோடு நிறுத்துகிறவரைத்தான் நான் தேர்ந்த ஆள் என்பேன்.

2013-இல் எஸ்ஏபி வாங்கிய ஹைப்ரிஸ்தான் இன்றைய எஸ்ஏபி காமர்ஸ். ஜாவாவும் அதன் கட்டமைப்பான ஸ்பிரிங்கும் நன்றாகத் தெரிந்தவருக்கு இங்கே ஒழுங்கு புரிந்துவிடும். ஐட்டம்ஸ் எக்ஸ்எம்எல் என்ற கோப்பில் புலத்தை அறிவித்து, பில்ட் செய்து, சிஸ்டம் அப்டேட் ஓட்டினால் டேபிளில் அது தானாக வந்துவிடும். அப்புறம் பாப்புலேட்டர் (தரவைத் திரைக்கேற்ற வடிவத்துக்கு மாற்றும் நிரல்) எழுதித் திரைக்குக் கொண்டுவர வேண்டும். தரவு ஏற்ற இம்பெக்ஸும், தேட ஃபிளெக்சிபிள்சர்ச்சும் புதிதாகப் படிக்க வேண்டியவை, வேறு தளத்துக்குப் போனால் உதவாது. கடைமுகப்பு எஸ்ஏபியின் ஸ்பார்டகஸ் என்றால், அது எழுதப்பட்ட ஆங்குலர் என்ற முகப்புக் கட்டமைப்பும் சேரும். ஜாவா, ஆங்குலர் இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஷாப்பிஃபை பிளஸ்ஸில் சர்வரும் டேட்டாபேஸும் நம் கையில் இல்லை. எண்ணைச் சேமிக்க மெட்டாஃபீல்டு (கூடுதல் புலம்), திரையில் கேட்க செக்அவுட் எக்ஸ்டென்ஷன், சரிபார்க்க ஷாப்பிஃபையிலேயே ஓடும் ஒரு ஃபங்ஷன். ஜாவாஸ்கிரிப்டும், தரவைக் கேட்டுப் பெற கிராஃப்க்யூஎல்லும் போதும். ஆனால் எல்லை எங்கே என்று தெரிந்து, வாடிக்கையாளரிடம் தொடக்கத்திலேயே "இது முடியாது" என்று சொல்லத் தெரிய வேண்டும்.

புதிதாகக் கற்பவருக்கு என் பரிந்துரை மஜெண்டோ. ஓப்பன் சோர்ஸ் பதிப்பு இலவசம், சொந்தக் கணினியில் நிறுவி உள்ளே எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கலாம். ஷாப்பிஃபையிலும் பழக இலவச டெவலப்மென்ட் ஸ்டோர் (சோதனைக் கடை) கிடைக்கும். எஸ்ஏபிக்கு உரிமம் வேண்டும் என்பதால் பெரும்பாலும் வேலையில் சேர்ந்த பிறகுதான் கற்க முடிகிறது. அந்த வழியில் போக நினைப்பவர்கள் இப்போதே ஸ்பிரிங்கை ஆழமாகப் படித்து வைப்பது நல்லது.