நந்தம்பாக்கத்தில் பேட்மேன்: சென்னை காமிக் கான் அனுபவம்

டெல்லியில் 2011-லேயே தொடங்கிய காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர்கள் திருவிழா, சென்னைக்கு வர 2024 பிப்ரவரி ஆகிவிட்டது. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த அந்த முதல் கானுக்குப் போனேன். ஸ்பைடர்மேனும் பேட்மேனும் படித்து வளர்ந்த எனக்கு அது திருவிழாதான்.

ரொம்பப் பிடித்தது ஓவியர்கள் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருந்த பகுதி. ஒருவரிடம் பேட்மேன் கேட்டேன். முதலில் பென்சிலில் தாடையை மட்டும் போட்டார், அப்புறம் பிரஷ் பேனாவை எடுத்து முகமூடி முழுவதையும் கறுப்பாக்கி, கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளைத் தாளை அப்படியே விட்டுவிட்டார். அந்த இரண்டு வெள்ளைக் கீற்றுகளில் ஆள் உயிரோடு வந்துவிட்டார். இதற்காகவே டிக்கெட் எடுக்கலாம்.

காஸ்பிளேயும், அதாவது பிடித்த கதாபாத்திரம் போல உடுத்தி வருவதும், அருமை. ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டிய அயர்ன்மேன் உடையில் ஒரு பையன், தோள்பட்டை கழன்றதும் அவன் அம்மா கைப்பையிலிருந்து பசையை எடுத்து அங்கேயே ஒட்டிவிட்டார்!

ஒரே வருத்தம், ஒரு ஸ்டாலில் வாங்கிய பழைய காமிக்ஸ் இதழை வீட்டில் பிரித்துப் பார்த்தால் முதுகில், அதாவது ஸ்டேபிள் அடித்த ஓரத்தில், நீளமாக ஒரு மடிப்பு. நீங்கள் பழைய இதழ் வாங்கினால் உறையிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், முதுகு, மூலைகள், ஸ்டேபிளில் துரு இருக்கிறதா என்று எல்லாம் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

அடுத்த முறை போகிறவர்கள், கதவு திறந்ததும் நேராக ஓவியர்கள் பக்கம் போய்விடுங்கள். பொம்மை, டி-ஷர்ட் எல்லாம் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.