எல்பிஎஸ்: கூட்டமா நின்னு கடிக்குதா, ஒத்தையா வந்து கடிக்குதா?

ஈ.கோலை மாதிரி கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவோட வெளிச்சவ்வுல இருக்குற எல்பிஎஸ் (லிப்போபாலிசாக்கரைடு, இன்னொரு பேரு எண்டோடாக்சின்) தண்ணிக்குள்ள தனியா நிக்கவே நிக்காது. ஒரு மூலக்கூறு 10-லருந்து 20 கிலோடால்டன் (மூலக்கூறு எடையோட அலகு) தான், ஆனா தண்ணில விட்டா ஒண்ணோட ஒண்ணு சேந்து 1000 கிலோடால்டன் வரைக்கும் போயிடும். இதுல யாருக்கும் சண்டை கிடையாது. காய்ச்சலையும் ஷாக்கையும் கிளப்புறது அந்தக் கூட்டமா, இல்ல அதுலருந்து பிரிஞ்சு வர்ற ஒத்த மூலக்கூறாங்குறதுல தான் ரெண்டு கட்சி.

கூட்டம் தான்னு அடிச்சு சொன்னது முக்கியமா ஜெர்மனில போர்ஸ்டெல் ஆய்வு மையத்து ஆளுங்க, பிராண்டன்பர்க், சைடல் எல்லாம். அவங்க வாதம் ரொம்ப அழகா இருக்கும். எல்பிஎஸ்ஸோட விஷப் பகுதி லிப்பிட் ஏ, அதுல ரெண்டு குளுக்கோஸமைன், ரெண்டு பாஸ்பேட், ஈ.கோலைன்னா ஆறு கொழுப்புச் சங்கிலி. ஆறு சங்கிலி இருந்தா கொழுப்புப் பக்கம் அகலமாகி மூலக்கூறு கூம்பு மாதிரி ஆயிடுது, கூம்புகளை தட்டையா அடுக்க முடியாது, அதனால க்யூபிக் மாதிரி வளைஞ்ச அமைப்பா சேருது, அது தான் வீரியமானது. சங்கிலி நாலா குறைஞ்சா மூலக்கூறு உருளை ஆயிடும், தட்டைத் தட்டையா லேமெல்லார் அடுக்கு வரும், வீரியம் போயிடும். ரோடோபாக்டர் ஸ்பேராய்டஸ்ங்குற பாக்டீரியாவோட அஞ்சு சங்கிலி லிப்பிட் ஏ-வும் இந்த ரெண்டாவது ரகம் தான், மனுஷ செல்லுல எதையும் தூண்டாது, தூண்டுறதையும் தடுக்கும்.

கேக்க கச்சிதமா இருக்குல்ல? எனக்கு இடிக்கிற இடம் லிப்பிட் IVa, அதாவது லிப்பிட் ஏ உருவாகுறதுக்கு முந்தின வடிவம். நாலு சங்கிலி. மனுஷ செல்லுல தடுக்குது, எலி செல்லுல தூண்டுது. சேந்து நிக்கிற வடிவம் ரெண்டு இடத்துலயும் அதே தானே, அப்ப வித்தியாசம் அதைப் புடிக்கிற செல்லோட ரிசப்டர்ல தான இருக்கணும்? கூம்பு-உருளைக் கணக்கு மட்டும் இதுக்கு பதில் சொல்லாது.

எதிர்க்கட்சி அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்து கியோனினி, வைஸ் குழு. எல்பிபிங்குற ரத்தப் புரதம் கூட்டத்தைத் தளத்தி விடுது, சிடி14ங்குற இன்னொரு புரதம் ஒரே ஒரு மூலக்கூறை உருவி எடுத்து எம்டி-2ங்குற புரதத்துக்கிட்ட குடுக்குது, எம்டி-2 அதை செல் மேல இருக்குற டிஎல்ஆர்4 ரிசப்டருக்கு காட்டுது. 2004-ல ஒத்தை எண்டோடாக்சினும் எம்டி-2-வும் சேந்த ஜோடியைப் பிரிச்சு எடுத்து, பிகோமோலார் அளவுலயே, அதாவது ரொம்ப ரொம்பக் கொஞ்சத்துலயே, அது செல்லைத் தூண்டுதுன்னு காட்டிட்டாங்க. வேடிக்கை என்னன்னா, கூட்டம் தான் வீரியமான அலகுன்னு போர்ஸ்டெல் ஆளுங்க பேப்பர் போட்டதும் அதே 2004 தான். அப்புறம் 2009-ல டிஎல்ஆர்4–எம்டி-2 படிக அமைப்பு வந்துச்சு: அஞ்சு சங்கிலி எம்டி-2 பைக்குள்ள புதைஞ்சு கிடக்க, ஆறாவது மட்டும் வெளிய எட்டிப் பாத்து பக்கத்து டிஎல்ஆர்4-ஐ ஒட்டிப் புடிக்குது. ஆறு சங்கிலி ஏன் வேணும்னு கூம்பு கதை இல்லாமலே விளங்கிடுச்சு. செல்லுக்கு வெளிய நடக்குற கதைல என் ஓட்டு ஒத்தை மூலக்கூறுக்குத் தான்.

ஆனா செல்லுக்குள்ள போனா ஆட்டம் மாறுது. சைட்டோசால்ல, அதாவது செல்லுக்குள்ள இருக்குற திரவத்துல, எல்பிஎஸ்ஸைப் புடிக்கிறது கேஸ்பேஸ்-4ங்குற என்சைம், அங்க சிடி14 மாதிரி ஒவ்வொண்ணா உருவிக் குடுக்க ஆள் தேவைப்படல, ஜிபிபி1 புரதம் பாக்டீரியா மேல்பரப்பையே போர்வையா மூடிக்குது, அந்த எல்பிஎஸ் பரப்பு மேல தான் கேஸ்பேஸ்-4 கூடி உசுப்பேறுது. இங்க கூட்டத்துக்குத் தான் மவுசு.

மருந்துல எண்டோடாக்சின் இருக்கான்னு பாக்குற டெஸ்டிங்லயும் கூட்டத்தை ஒதுக்க முடியாது. எல்பிஎஸ்ஸோட பாஸ்பேட் எல்லாம் நெகட்டிவ் சார்ஜ், அதுங்க ஒண்ணையொண்ணு தள்ளாம கட்டிப் புடிச்சு வைக்கிறது மெக்னீசியமும் கால்சியமும். மருந்துல கலந்திருக்குற சிட்ரேட் பஃபர் அந்த அயனிகளை இழுத்துக்கும், கூடவே பாலிசார்பேட்ங்குற சர்ஃபேக்டன்ட் (சோப்பு மாதிரி பொருள்) இருந்தா அது கொழுப்புப் பக்கமா நுழைஞ்சு அடுக்கையே மாத்திடும். எண்டோடாக்சின் அளவு தெரிஞ்சே கலந்து வெச்சாலும், கொஞ்ச நேரம் கழிச்சு எல்ஏஎல் டெஸ்ட் (குதிரைலாட நண்டு ரத்தத்தை வெச்சு எண்டோடாக்சினை அளக்குறது) போட்டா பாதி கூட தெரியாமப் போகலாம். மூலக்கூறு எங்கயும் ஓடிப்போகல, அந்த டெஸ்ட்ல எல்பிஎஸ்ஸைப் புடிக்கிற ஃபேக்டர் சி-ங்குற புரதத்துக்கு புடிபடுற மாதிரி நிக்கல, அவ்ளோ தான். இதுக்குப் பேரு லோ எண்டோடாக்சின் ரெகவரி. மெக்னீசியம் சேத்து, சர்ஃபேக்டன்ட்டோட பிடியைத் தளத்தி, மறுபடி பழைய மாதிரி சேர வெச்சா சில சாம்பிள்ல ரீடிங் திரும்பி வருது.