பூனைக்கு ஹார்னஸ்: நாடா வகையா, சட்டை வகையா?

எங்கள் கறுப்பி யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பிறந்த சாதாரண நாட்டுப் பூனை. இப்போது விடியவும் பின்னேரமும் கயிற்றோடு ஒழுங்கையில் நடக்கிறாள். "பூனைக்கும் கயிறோ பிள்ளை?" என்று முதலில் கேட்ட பக்கத்து வீட்டு மாமி, இப்போது தன்னுடைய பூனைக்கு எந்த ஹார்னஸ் (கயிறு கொழுவுவதற்காக உடம்பில் மாட்டும் பட்டி) வாங்கலாம் என்று கேட்கிறா. மாமிக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். கடைகளில் கிடைக்கிற வகைகளைப் போட்டுப் பார்த்த பிறகு, கிளிப் பூட்டுகிற சட்டை வகையைத்தான் நான் வைத்திருக்கிறேன். ஆகையால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது வெளிப்படை.

கயிறே இல்லாமல் திறந்து விடலாமே என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. தெருநாய்கள் திரியும் ஒழுங்கையும், பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் பறக்கும் காங்கேசன்துறை வீதியும் பக்கத்தில் இருக்கும்போது அது நல்ல யோசனை இல்லை. கழுத்துப் பட்டியில் கயிறு கொழுவுவதும் வேண்டாம். பூனை பாய்ந்தால் முழு இழுவையும் தொண்டையில் விழும். பூனைக்கென்று விற்கும் பட்டிகளில் பல, எங்காவது சிக்கினால் தானாகக் கழரும்படி செய்யப்பட்டவை. அவை கயிற்றைத் தாங்குவதற்கல்ல.

மிஞ்சுவது இரண்டு வகை. ஒன்று, கழுத்தைச் சுற்றி ஒரு நாடா, மார்பைச் சுற்றி இன்னொரு நாடா, இரண்டையும் முதுகில் இணைக்கும் ஒரு துண்டு என்று எச் எழுத்து வடிவில் வருவது. மற்றது, மார்பையும் தோளையும் துணியால் மூடுகிற சட்டை. சட்டையிலும் வெல்க்ரோ ஒட்டுவது, கிளிப் பூட்டுவது என்று இரண்டு உண்டு. நாடா வகை மலிவு, பாரம் இல்லை, முதல் நாளே பூனை பொறுத்துக்கொள்ளும். சட்டையைப் போட்டவுடன் அநேகமான பூனைகள் பக்கவாட்டில் சரிந்து படுத்துவிடும், அல்லது வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு நடக்கும். பயப்பட வேண்டாம், பழகினால் போய்விடும். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழக்குங்கள்.

இதெல்லாம் சில்லறை வித்தியாசங்கள். எனக்கு முடிவைத் தந்தது ஒரே விடயம்: பூனை வெருண்டு பின்னுக்கு இழுக்கும் அந்த நொடியில் எது கழராமல் நிற்கும்?

வெருண்ட பூனை அநேகமாக உடனே முன்னுக்குப் பாயாது. சைலன்சர் கழற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்று ஒழுங்கைக்குள் திரும்பினாலோ, கோயில் திருவிழா வெடி கேட்டாலோ, முதலில் உறைந்து பதுங்கும். பிறகு தலையைத் தாழ்த்தி, முன்கால்களை ஒடுக்கி, பின்னுக்குப் போகும். பூனையின் காறை எலும்பு மிகச் சிறியது. மனிதருக்கு இருப்பது போலத் தோளெலும்போடு மூட்டாக இணைந்திருக்காமல் தசைக்குள் கிடக்கிறது. அதனால் தோளை நினைத்த மாதிரி ஒடுக்கிக்கொள்ளும். தலை நுழைந்த இடத்தால் உடம்பும் பெரும்பாலும் நுழைந்துவிடும். அந்த நேரம் நாம் முன்னால் நின்று கயிற்றை இழுத்தால், நாடா ஹார்னஸின் கழுத்து வளையம் காதைத் தாண்டி வரும். அதன் பின்னாலேயே முன்கால்கள் மார்பு நாடாவிலிருந்து வெளியே வரும். கையில் வெறும் கயிறு மிஞ்சும், பூனை எந்த மதிலுக்கு மேலால் போனது என்றே தெரியாது.

சட்டை வகையில் இது கடினம். அகலமான துணி மார்பைப் பிடித்திருப்பதால், கழர வேண்டுமென்றால் முழங்கையை மடித்து இரண்டு கைத்துவாரங்களாலும் ஒன்றாக இழுக்க வேண்டும். அளவாகப் போட்ட சட்டையில் அதற்கு இடம் வராது. தொளதொளவென்று போட்டால் சட்டையும் கழரும். ஆகவே வெளியே கொண்டுபோகுமுன், கதவு பூட்டிய அறைக்குள் பூனைக்கு முன்னால் இருந்துகொண்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். அது பின்னுக்குப் போய்க் கழற்றிக்கொள்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். துணிக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் போக வேண்டும். கயிறு கொழுவும் வளையம் கழுத்தடியில் இல்லாமல், தோளுக்குப் பின்னால் முதுகில் இருப்பதைப் பாருங்கள்.

எந்த ஹார்னஸ் என்றாலும், வெருண்ட பூனையை முன்னால் நின்று இழுக்கக் கூடாது. கயிற்றைத் தளர்த்தியபடி அதன் பக்கத்தில் போய்க் குந்தினால், பின்னுக்கு இழுக்கும் விசையே இல்லாமல் போய்விடும். நாடா ஹார்னஸ் பாவிப்பவர்கள் இதை நன்றாகப் பழக வேண்டும். கழுத்து அளவைச் சரியாக வைத்து, ஒவ்வொரு முறையும் நாடா இளகியிருக்கிறதா என்று பார்க்கிறவர்களுக்கு அதுவும் உதவாமல் போகாது.

வெல்க்ரோச் சட்டையை நான் ஏன் விட்டேன் என்பதற்குக் காரணம் எங்கள் மண். வலிகாமத்துச் செம்மண் பொடி எல்லாவற்றிலும் ஏறும். உரும்பிராய், கோண்டாவில் பக்கம் தோட்டக்கரையால் ஒரு நடை போய்வந்தால் வெல்க்ரோவின் கொக்கிகளுக்குள் செம்மண், பூனை மயிர், நாயுருவி விதை எல்லாம் அடைந்துவிடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இன்னும் மோசம். பழைய பிரஷ் ஒன்றால் சுரண்டிச் சுரண்டித் துப்புரவாக்கினாலும் பிடிப்பு நாளுக்கு நாள் குறையும், குறைவது கண்ணுக்குத் தெரியாது. போதாததற்கு, வெல்க்ரோவைப் பிரிக்கிற "சர்ர்" சத்தத்துக்கே சில பூனைகள் கட்டிலுக்குக் கீழே ஓடும். கிளிப் அப்படியில்லை. பூட்டினால் "டக்" என்று கேட்கும், பூட்டியதா இல்லையா என்ற சந்தேகம் இல்லை. வாளித் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டால் காய்ந்துவிடும்.

நாடா வகைக்கு நான் மனதாரக் கொடுக்கும் புள்ளி வெயில். பூனைக்கு வியர்ப்பது பாதங்களில்தான். மற்றப்படி மயிரை நக்கி ஈரமாக்கித்தான் உடம்பைக் குளிராக்கும். சட்டை மூடியிருக்கும் இடத்தை நக்க முடியாது. பங்குனி, சித்திரையில் பஞ்சு வைத்த தடித்த சட்டை போடுவது கொடுமை. வலைத்துணிச் சட்டை எடுங்கள். வெயில் ஏறுமுன் விடியவே போங்கள், இல்லையென்றால் தார் ரோடு ஆறிய பிறகு போங்கள். புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். பூனை வாயைத் திறந்து இளைத்தால் உடனே நிழலுக்குத் தூக்கி வரவேண்டும். நாய் இளைப்பது போல அது சாதாரணம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிவிடுங்கள்.

சட்டைக்குள் தெள்ளும் உண்ணியும் ஒளிந்திருக்கும் என்று ஒரு குறை சொல்வார்கள். அது உண்மை, அதனால்தான் அடிக்கடி அலசச் சொல்கிறேன். ஆனால் நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் பூசிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு, உயிரே போகும். மிருக வைத்தியரிடம் பூனைக்கான மருந்தைக் கேளுங்கள். விசர்நோய்த் தடுப்பூசியையும் அப்போதே போட்டுவிடுங்கள்.

கயிறு ஆறடி அளவில் பாரமில்லாததாக இருந்தால் போதும். தானாகச் சுருளும் கயிறு வேண்டாம். அது எந்நேரமும் முதுகை இழுத்துக்கொண்டே இருக்கும், கைப்பிடி நழுவி விழுந்தால் அந்தச் சத்தமே பூனையைத் துரத்தும். கேற்றால் பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் இறக்குங்கள். தானே நடந்து வெளியேறப் பழகினால் கேற் திறக்கும் போதெல்லாம் பாயும். மரத்திலோ விறாந்தைத் தூணிலோ கட்டிவிட்டு உள்ளே போகாதீர்கள். மதிலில் ஏறி மற்றப் பக்கம் குதித்தால் தொங்கிவிடும்.

நான் சொல்வதெல்லாம் வளர்ந்த, குட்டை மயிர் நாட்டுப் பூனையை வைத்து. பாரசீகப் பூனையின் நீண்ட மயிரில் சட்டை சிக்குப் பிடிக்க வைக்குமா என்பதை வளர்ப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். குட்டிகள் மாதத்துக்கு மாதம் வளர்வதால், அவற்றுக்கு நாடாவை வாங்கி வீட்டுக்குள் பழக்கிவிட்டுப் பிறகு சட்டைக்கு மாறுவது காசுக்கு நல்லதாக இருக்கலாம்.

யாழ்ப்பாணக் கடைகளில் நான் கண்டவை அநேகமாகச் சிறிய நாய்க்கானவை, மார்புப் பக்கம் பூனைக்குப் பெரிது. கொழும்பிலிருந்து எடுப்பிப்பதானால் எஸ், எம் என்ற எழுத்தை நம்பாமல், முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவை அளவு நாடாவால் எடுத்துச் சென்ரிமீற்றரில் சொல்லுங்கள். அளவு இரண்டுக்கும் நடுவில் விழுந்தால், நாடாவைக் கடைசிவரை தளர்த்திவிட வேண்டி வராத பட்சத்தில், சிறியதையே எடுங்கள்.