எம்பிபிஎஸ் புத்தகம் 'ஃபுல் செட்' பாதி விலைக்கு வந்தால் வாங்காதீர்கள்

கவுன்சிலிங் முடிந்து சீட் கிடைத்த கையோடு பிள்ளைகளின் வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி வரும். முதல் வருஷத்துக்கு வேண்டிய எல்லாப் புத்தகமும் ஒரே பார்சலில், கடை விலையில் பாதிக்கும் கீழே. என் தங்கச்சிக்கும் வந்தது. 11 புத்தகம் 4,800 ரூபாய். அதே பட்டியலைக் கடையில் விசாரித்தபோது பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. எங்கள் வீட்டில் முதல் டாக்டர் அவள். அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். ஏழாயிரம் ரூபாய் எங்களுக்குப் பெரிய பணம். நான்தான் ஜிபேயில் அனுப்பினேன்.

செய்தி அனுப்பி விற்ற ஆள் தன்னை சீனியர் என்றுதான் சொன்னான். விலை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டதற்கு, "சவுத் ஏசியா எடிஷன் அண்ணா, அதான்" என்றான். இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. வெளிநாட்டுப் பதிப்பகங்கள் இந்தியா, இலங்கை, நேபாளம் போன்ற நாடுகளுக்கென்று குறைந்த விலையில் தனிப் பதிப்பு போடுவது நிஜம். ஆனால் கடைக்காரர் எனக்குச் சொன்ன விலையே அந்தப் பதிப்பின் விலைதான். அதிலும் பாதிக்கு ஒருவன் எப்படித் தர முடியும் என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

பார்சல் நேராக ஹாஸ்டலுக்குப் போய்விட்டது. மூன்று மாதம் கழித்து ஒரு ராத்திரி போன் செய்தாள். குரலே சரியில்லை. பிசியாலஜி (உடலியங்கியல்) ரெக்கார்டு நோட்டில் ரத்தச் சிவப்பணுவின் விட்டம் 7.5 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறாள். மேடம் சிவப்பு மையில் வட்டம் போட்டு, எல்லோர் முன்னாலும் எழுப்பிக் கேட்டிருக்கிறார். "அண்ணே, புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள். போட்டோ எடுத்து அனுப்பினாள். அப்படித்தான் போட்டிருந்தது.

இருக்க வேண்டியது மைக்ரோமீட்டர். மில்லிமீட்டர் என்றால் ஒரு சிவப்பணு பட்டாணி அளவு இருக்கும்.

நான் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். அதற்கு முன்பு டிடிபி, அதாவது கணினியில் பக்கம் அமைக்கும் வேலை. அந்தப் போட்டோவைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சிம்பல் ஃபான்டில் மைக்ரோவைக் குறிக்கும் மியூ என்ற கிரேக்க எழுத்து, ஆங்கில 'எம்' விசையில்தான் உட்கார்ந்திருக்கும். கோப்பைத் திறக்கிற கணினியில் அந்த ஃபான்ட் எடுபடாமல் போனால், மியூ இருந்த இடத்தில் எல்லாம் எம் வந்து நிற்கும். மைக்ரோ மில்லி ஆகிவிடும். ஆயிரம் மடங்கு. யாரோ திருட்டு மின்நூலை எடுத்து, ஃபான்ட் மாறியதைக்கூடப் பார்க்காமல் பிளேட் போட்டு ஓட்டியிருக்கிறார்கள்.

பொங்கலுக்கு வரும்போது எல்லாவற்றையும் தூக்கி வரச் சொன்னேன். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தோம். பி12 வைட்டமின் ஒரு நாளைக்குச் சுமார் 2.4 மைக்ரோகிராம் தேவை. அதில் மில்லிகிராம் என்று இருந்தது. அம்மா தைராய்டுக்குத் தினமும் சாப்பிடும் மாத்திரை 100 மைக்ரோகிராம். டப்பாவை எடுத்து வந்து புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புத்தகத்தில் 100 மில்லிகிராம். 'சமம் அல்லது அதற்கு மேல்' என்ற குறி வர வேண்டிய இடத்தில் எல்லாம் மேலே சின்னதாக ஒரு 3. இதைப் படித்துத்தான் என் தங்கச்சி நாளைக்கு மருந்துச் சீட்டு எழுத வேண்டுமா? அன்றைக்கு எனக்கு வந்த கோபம் பணத்துக்காக இல்லை.

அப்புறம் அனாடமி, அதாவது உடற்கூறியல். அதற்குப் படிக்கும் சௌராசியா புத்தகம் முன்பு மூன்று பாகம். மூளை மூன்றாம் பாகத்திலேயே சேர்ந்து வரும். பிறகு மூளையைத் தனியாகப் பிரித்து நாலு பாகம் ஆக்கினார்கள். எங்களுக்கு வந்தது மூன்றே பாகம். அட்டையில் புதுப் பதிப்பின் பெயர். மூன்றாம் பாகத்தைத் திறந்தால் உள்ளே மூளையும் இருக்கிறது. பழைய பதிப்பின் உடம்புக்குப் புது அட்டை ஒட்டியிருக்கிறார்கள். பின்னட்டையில் இருந்த ஐஎஸ்பிஎன் எண்ணும் (பதிப்புக்குப் பதிப்பு மாறும் அடையாள எண்) உள்ளே உரிமைப் பக்கத்தில் இருந்த எண்ணும் வேறு வேறு.

படங்களைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள், நிணநீர் பச்சை என்பது உடற்கூறியல் படங்களின் பொது வழக்கம். அக்குளில் தமனியைச் சுற்றி நரம்புகள் ஆங்கில எம் எழுத்து மாதிரி அமைந்திருக்கும். முதல் வருஷப் பிள்ளைகள் அந்த எம்-ஐத்தான் அடையாளமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் புத்தகத்தில் மஞ்சள் மை ஏறவே இல்லை. நரம்பு கொழுப்போடு கொழுப்பாக வெளிறிப்போய்க் கிடக்கிறது, எம்-ஐக் காணோம். திசுப் படங்களில் உட்கரு ஊதா நீலமாகவும் சுற்றியிருப்பது இளஞ்சிவப்பாகவும் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே கத்தரிப்பூ நிறம்.

நோயாளியைப் பரிசோதிக்கச் சொல்லித்தரும் புத்தகத்தில் 336ஆம் பக்கத்துக்கு அடுத்து மறுபடியும் 321. பதினாறு பக்கப் பாரம் (ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் பக்கங்களின் தொகுப்பு) ஒன்று இரண்டு தடவை சேர்ந்து, அடுத்த பாரம் விட்டுப்போயிருக்கிறது. 353இல்தான் மறுபடி ஒழுங்காக வருகிறது. இந்தத் தவறு நல்ல அச்சகத்திலும் எப்போதாவது நடக்கும், மறைக்கவில்லை. ஆனால் அங்கே பதிப்பகம் மாற்றித் தரும். இங்கே யாரிடம் போய்க் கேட்பது? தவிர, வார்டில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் வார்டு போஸ்டிங் இரண்டாம் வருஷம்தான் தொடங்குகிறது. அந்தப் புத்தகத்தை முதல் வருஷத்திலேயே வாங்க வேண்டிய தேவையே இல்லை என்று அவளுடைய நிஜ சீனியர் ஒருவர் பிறகு சொன்னார். செட்டைப் பெரிதாகக் காட்டுவதற்காகச் சேர்த்திருக்கிறார்கள்.

விற்றவனுக்குப் போன் போட்டேன். "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா?" என்று கேட்டான். இல்லை என்றதும் வைத்துவிட்டான். சாயங்காலத்துக்குள் பிளாக். அவனுடைய வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து தங்கச்சியையும் நீக்கிவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்தோம். பில் இல்லை, கடை முகவரி இல்லை, ஒரு யுபிஐ ஐடி மட்டும்தான் இருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. ஆன்லைனில் பணத்தை ஏமாந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே கூப்பிட வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டால் நம் பணத்தை எங்கே போய்ப் பிடிப்பார்கள்?

வாங்குகிறவர்கள் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் எழுத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒழுங்கான அச்சில் கறுப்பு எழுத்து கெட்டியாக, ஓரம் சுத்தமாக இருக்கும். ஸ்கேன் செய்து அடித்ததில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடைந்து தெரியும். ஆனால் மின்நூலில் இருந்து அடித்த புத்தகத்தில் எழுத்து பளிச்சென்றுதான் இருக்கும், லென்ஸில் சிக்காது. அதற்கு மைக்ரோ வருகிற பக்கம் ஒன்றைத் திறந்து பார்த்துவிடுங்கள். உள்ளட்டையில் ஆன்லைன் வீடியோவுக்கான சுரண்டும் கட்டம் இருந்தால் காசை வைத்துச் சுரண்டுங்கள். எங்களுடையதில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை அச்சடித்திருந்தார்கள். சுரண்டச் சுரண்டத் தாள்தான் கிழிந்தது.

பணம் இல்லாதவர்கள் சீனியரிடம் பழைய புத்தகத்தை நேரில் பார்த்து வாங்குங்கள், கோடு போட்டிருந்தாலும் பரவாயில்லை. இப்போது தங்கச்சி கல்லூரி நூலகப் பிரதியில்தான் படிக்கிறாள். பிசியாலஜி மட்டும் கடையில் பில்லோடு புதிதாக வாங்கிக் கொடுத்தேன்.

பதிப்புரிமைச் சட்டத்தின் (காப்பிரைட்) 63ஆம் பிரிவில் இப்படித் திருட்டுப் புத்தகம் அடிப்பதற்கு 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் இருக்கிறது. அச்சகத்தில் இருக்கிறவர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. என்னை மாதிரி ஒரு ஆள்தான் எங்கோ நின்று இந்தப் பாரங்களை ஓட்டியிருக்கிறான். அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

அந்த 11 புத்தகத்தையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடச் சொன்னார் அம்மா. போட்டால் ஏதாவது ஒரு நடைபாதைக் கடைக்கு வந்து இன்னொரு பிள்ளை கைக்குப் போய்விடும். பிசியாலஜியை மட்டும் புகாருக்காக எடுத்து வைத்துவிட்டு, மற்ற பத்தையும் அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிங் மெஷினில் வைத்து நடுவாக வெட்டிவிட்டேன்.