கப்பல் அடுக்களை, காமிரா, வீட்டு இலை: உணவையும் பயணத்தையும் தொழிலாக்க நினைக்கும் குமரி மாவட்டத்தாருக்கு ஓர் ஒப்பீடு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில், திருவட்டாறுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஆண்டுதோறும் இரண்டு மூன்று பேராவது வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். சாப்பாட்டின் மீதும் ஊர் ஊராகப் போவதன் மீதும் ஆசை இருக்கிறது, அதையே தொழிலாக்கிப் பிழைக்க முடியுமா என்பதுதான் அது. நான் ஏழு ஆண்டுகள் பயணிகள் கப்பலின் அடுக்களையில் வேலை பார்த்தவன். இப்போது வீட்டின் இரண்டு அறைகளை வெளியூர் விருந்தினருக்கு விட்டு, அவர்களுக்கு இலை போட்டு, சந்தைக்கும் துறைமுகத்துக்கும் உடன் அழைத்துச் சென்று வாழ்கிறேன். முடியும் என்றுதான் வருகிறவர்களிடம் சொல்கிறேன். ஆனால் கப்பல் வேலை, உணவுக் காணொளி, வீட்டில் விருந்தோம்பல் என்று அவர்கள் முன் இருக்கும் மூன்று வழிகளும் கேட்கிற விலை வேறு வேறு. எந்த வழி யாருக்கு என்பதை, அவர்களுடைய ஆசையின் அளவைக் காட்டிலும், வீட்டில் என்ன இருக்கிறது என்பதும் நாள்தோறும் எந்த உழைப்பைத் தாங்க முடியும் என்பதுமே முடிவு செய்கின்றன.

கப்பலுக்குப் போக நினைப்பவர் முதலில் சமையலை முறையாகக் கற்க வேண்டும். நமக்கு அருகில் கோவளத்திலும், சென்னையில் தரமணியிலும் மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மைக் கல்லூரிகள் இருக்கின்றன. தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு எழுதி மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். அவ்வளவு செலவிட இயலாதவருக்கு உணவுத் தயாரிப்பில் ஒன்றரை ஆண்டுச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. படித்து முடித்த பின் பெரிய ஓட்டல் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாவது நின்று, கடற்பாதுகாப்புப் பயிற்சியையும் கடலோடிகளின் பணிப் பதிவேடான சி.டி.சி. புத்தகத்தையும் பெற்ற பிறகே கப்பல் ஏற முடியும். ஏறியதும் 'கமி' என்கிற கடைநிலைப் பணியில் தொடங்கி, ஆயிரக்கணக்கானோருக்கு வெங்காயம் உரிப்பதிலும் கோழியைத் துண்டு போடுவதிலும் முதல் ஒப்பந்தம் முழுவதும் கழியும்.

உலகம் சுற்றலாம் என்ற ஆசையோடு இதில் நுழைகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை (2006) 24 மணி நேரத்தில் 14 மணி நேரத்துக்கு மேலும், 7 நாளில் 72 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்த வரம்பை ஒட்டியே பல நாள்கள் ஓடும், ஒப்பந்தம் முடியும் வரை வார விடுமுறை என்ற ஒன்று கிடையாது. கப்பல் துறைமுகத்தில் நிற்கிற பகல் நேரம் அடுக்களையில் மதியச் சாப்பாடு சமைக்கிற நேரம். பார்சிலோனாவுக்கு நான் முப்பது முறைக்கு மேல் போயிருப்பேன். இறங்கி நடந்து, அந்த ஊர்ச் சந்தையில் நின்று மீனைப் பார்த்தது நான்கு முறை மட்டுமே. அப்படியிருந்தும் அந்த ஆண்டுகளை வீண் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களில் அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் முன்னறிவிப்பின்றி ஏறி 100 மதிப்பெண்ணுக்குச் சோதனை செய்வார்கள். 85 அல்லது அதற்குக் கீழே வந்தால் தோல்வி. அந்தச் சோதனைக்கு அஞ்சி அஞ்சிப் பழகிய கை, இன்றும் மீன் அறுத்த பலகையில் காய் நறுக்காது. உணவும் படுக்கையும் கப்பலின் பொறுப்பு என்பதால் சம்பளத்தில் பெரும்பகுதி வீடு வந்து சேர்கிறது. மற்ற இரு வழிகளிலும் தொடக்க ஆண்டுகளில் இதற்கு ஈடான சேமிப்பைக் கனவிலும் எதிர்பார்க்க முடியாது.

இந்த வழியில் மிகப் பெரிய குழி ஊரிலேயே இருக்கிறது. கப்பல் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன முகவர் ஒருவரிடம் என் அப்பா தென்னந்தோப்பை ஈடு வைத்துக் கொடுத்த ஒன்றரை லட்சம் ரூபாய் திரும்பி வரவே இல்லை. நான் கப்பல் ஏறியது பிறகு வேறு வழியாக, ஒரு பைசா கொடுக்காமல். வேலை தேடித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது மேற்சொன்ன உடன்படிக்கையின் தெளிவான விதி. இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும், அந்தப் பட்டியலை இயக்குநரகத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பணம் கேட்கிற முகவரின் வாசலை விட்டு அந்த நிமிடமே இறங்கிவிடுங்கள்.

இரண்டாவது வழியான காணொளியைப் பற்றிக் கேட்பவர்களே இப்போது அதிகம். கைபேசி ஒன்றும் வண்டி ஒன்றும் போதும் என்பதால் நுழைவதற்கு இதுவே எளிது. நிலைப்பதற்கு இதுவே கடினம். யூடியூபின் முழுமையான விளம்பர வருமானம் கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதை எட்டிய பின்னும் மாத வருமானம் வண்டிக்கு பெட்ரோல் போடக்கூடப் பற்றாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் 1 கோடி சந்தாதாரர்களை எட்டியதைப் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அது ஒரு குடும்பமே சேர்ந்து, ஒரே பாணியில், நெடுங்காலம் விடாமல் உழைத்ததன் பலன். தனியாளாக ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுகிறவருக்கு அதை அளவுகோலாக வைப்பது நியாயமாகாது.

இதில் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் வேறு. நம் மாவட்டத்துக்கு வருகிற காமிராக்கள் நாகர்கோவிலின் ரசவடையையும் ஏத்தங்காய்ச் சிப்ஸையும், மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் விற்கும் அதே ஏழெட்டுக் கடைகளையும் மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. அந்தக் கிழங்கு நம் இலைக்கு வந்த கதையை யாரும் சொல்வதில்லை. 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு சேர்வதற்கு முன் இந்த மாவட்டம் திருவிதாங்கூரையும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்திருந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் கிழங்குச் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பர்மா அரிசி நின்றுபோனபோது அதுவே ஏழை வீடுகளின் பசியைத் தாங்கியது. கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் உள்ள முதியவர்களிடம் உட்கார்ந்து கேட்டால் இதைப் பற்றி ஒரு முழு மாலை பேசுவார்கள். புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழத்தைக் குழந்தைக்கு முதல் உணவாக மசித்துக் கொடுக்கும் வழக்கம், அக்கானியை (பதநீரை) காய்ச்சிக் கருப்பட்டியாக்கும் பனையேறிக் குடும்பங்களின் விடியற்காலை என்று எடுக்கப்படாதவை இன்னும் ஏராளம். அதே சமயம், எடுக்கக் கூடாதவையும் உண்டு. செவ்வாய்க்கிழமை இரவில் பெண்கள் மட்டும் கூடி உப்பில்லாக் கொழுக்கட்டை அவிக்கும் ஔவையார் நோன்பை ஆண்கள் பார்ப்பதே வழக்கமில்லை. அங்கே ஒளித்து வைத்த கைபேசியோடு நுழைவதை, எத்தனை பார்வைகள் கிடைத்தாலும், நான் களவு என்றே சொல்வேன்.

கடைக்காரர் இலவசமாகப் பரிமாறியதைச் சாப்பிட்டுவிட்டுப் பாராட்டுவது இந்தத் தொழிலின் நாட்பட்ட நோய். பணமோ இலவச உணவோ பெற்றுக்கொண்டு பரிந்துரைப்பவர் அதைப் பார்வையாளருக்கு வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சொந்தக் காசில் சாப்பிட்டால் மட்டுமே நாக்கு சுதந்திரமாக இருக்கும். அந்தக் காசுக்கு வேறொரு வருமானம் வேண்டும் என்பதால், இதை முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தனித் தொழிலாக நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாவது வழி பயணத்தைத் திருப்பிப் போடுகிறது. நாம் ஊர் தேடிப் போகாமல், ஊர் தேடி வருகிறவர்களுக்கு நம் ஊரைச் சமைத்துக் காட்டுகிறோம். குமரி மாவட்டத்துக்கு இது பொருந்துவதைப் போல் வேறு மாவட்டங்களுக்குப் பொருந்துமா என்பது சந்தேகமே. விடியலில் தோவாளைப் பூச்சந்தை, அங்கிருந்து வடசேரிச் சந்தையில் மட்டி, செந்துளுவன், பாளையங்கோட்டான், ஏத்தன் என்று குலை குலையாகத் தொங்கும் வாழை வகைகள், பிற்பகலில் குளச்சலிலோ தேங்காப்பட்டணத்திலோ மீன் ஏலம் என்று, நெல்லும் தென்னையும் ரப்பரும் கடலும் ஒரே நாள் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நாஞ்சில் நாட்டுச் சைவ விருந்தும், மேற்கே கிழங்கும் மீனும், கடற்கரையின் மீன் புளிமுளமும் ஒன்றுக்கொன்று உறவும் இல்லாமல் பகையும் இல்லாமல் இருபது மைலுக்குள் வாழ்கின்றன.

ஆனால் இந்தத் தொழிலைப் பஞ்சாங்கம் பார்த்துத்தான் நடத்த வேண்டும். கன்னியாகுமரியில் கூட்டம் மிகுதியாக இருப்பது கார்த்திகை, மார்கழி மாதங்களில். அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி சபரிமலைக்கு மாலை போட்டவர்கள். நான் அறைகளைத் திறந்த முதல் கார்த்திகையில், வருகிறவர்கள் எல்லாரும் மீன் கேட்பார்கள் என்று நம்பி ஐந்து கிலோ நெய்மீன் வாங்கி வைத்தேன், வந்து இறங்கிய இரண்டு குடும்பத்தாரும் விரதத்தில் இருந்தார்கள். அம்மாதான் என்னைக் காப்பாற்றினாள். "மக்ளே, மீனை எல்லாம் அயல்வீட்டுக்குக் குடு, ஒரு தேங்காய உடை" என்று சொல்லிவிட்டு, அவள் ஒரு மணி நேரத்தில் வைத்த உள்ளித்தீயலும் எரிசேரியும் புளிச்சேரியும்தான் அந்த விருந்தினரை அடுத்த ஆண்டும் வரவழைத்தன. இப்போது அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் சைவ இலை மட்டுமே.

மீன்பிடித் தடைக்காலமும் அப்படித்தான். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் மேற்குக் கணக்கில் வருவதால் அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலங்கள் இருப்பது விருந்தோம்புகிறவருக்கு ஒரு வரம்; பள்ளி விடுமுறை விருந்தினரை மேற்கே அழைத்துச் செல்லலாம். ஜூன் முதல் இரு வாரங்களில் இரு பக்கமும் மூடியிருந்தாலும், தடைக்கு உட்படாத கட்டுமரமும் வள்ளமும் கொண்டுவரும் சாளையும் நெத்தோலியும் கிடைக்கும். சக்கைப்பழ (பலாப்பழ) காலத்தில் சக்கைப் பிரதமன், ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் மாதங்களில் மார்த்தாண்டம் பகுதியின் தேன்கூடுகள் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் காட்ட ஒன்று இருக்கிறது. இதைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு ஆண்டில் வெறும் மாதம் என்று ஒன்று இருக்காது.

சட்டப்படி இதற்குப் பெரிய தடை இல்லை. ஒன்றிய அரசின் சுற்றுலாத் திட்டத்தில் உரிமையாளர் குடியிருக்கும் வீட்டில் 1 முதல் 6 அறைகள் வரை விருந்தினர் இல்லமாகப் பதியலாம். சமைத்துப் பரிமாற உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் கட்டாயம். உண்மையான தடை வீடுதான். தாம் குடியிருக்கத் தேவையானது போக இரண்டு நல்ல அறையும், அவற்றோடு சேர்ந்த கழிப்பறையும் இல்லாதவருக்கு இந்த வழி முதலீட்டிலேயே அடைபட்டுவிடுகிறது. அவர் கப்பலில் ஐந்தாறு ஆண்டு சேமித்த பின் இதற்கு வருவதே சரி. இறங்கும் ஆண்டை ஏறும்போதே குறித்து வைத்துக்கொள்ளவும் வேண்டும், ஏனெனில் குறிக்காதவர்கள் ஐம்பது வயது வரை இறங்குவதில்லை.

இங்கே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுச் சாப்பாடு என்ற பெயரில் நடக்கும் விருந்தினர் இல்லங்கள் பலவற்றில் பலகையில் மகனின் பெயர் இருக்கிறது, அடுக்களையில் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து தேங்காய் அரைப்பவள் தாயாகவோ மனைவியாகவோ இருக்கிறாள், அவளுக்குச் சம்பளம் என்று ஒன்று இல்லை. கப்பலில் வெங்காயம் உரிப்பவனுக்கும் மாதம் பிறந்தால் கூலி வருகிறது. கணக்கு எழுதும்போது அவளுடைய கூலியைச் செலவில் சேர்த்த பிறகும் மிச்சம் நின்றால் மட்டுமே அந்தத் தொழில் லாபத்தில் நடக்கிறது என்று பொருள். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஒவ்வோர் இலைக்கும் ஒரு தொகை என்று பேசி, அதை அவள் பெயரில் வங்கியில் போடத் தொடங்கிய பிறகுதான் எனக்கு இந்தத் தொழிலைப் பற்றி மற்றவரிடம் பேசும் தகுதி வந்ததாக நினைக்கிறேன்.

எனவே, கையில் வீடும் அடுக்களையறிவும் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மூன்றாவது வழியையே முதலில் சொல்கிறேன். இருக்கிற வேலையை விடாமல், சனி ஞாயிறுகளில் ஓர் அறையோடு தொடங்கலாம். வீடில்லாதவர்களுக்குக் கப்பல். காமிராவை இரண்டு சாராரும் முதல் நாளிலிருந்தே எடுக்கட்டும். கற்றதைப் பதிந்து வைக்கவும், பின்னாளில் விருந்தினரை அழைத்து வரவும் அது உதவும்.

எந்தக் கல்லூரிக்கும் கட்டணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றும் நம் ஊரிலேயே இருக்கிறது. கல்யாண வீட்டு ஆக்குப்புரையில், அதாவது சமையல் பந்தலில், ஒரு முகூர்த்தக் காலம் முழுவதும் தவசிப்பிள்ளை என்கிற விருந்துச் சமையல்காரரின் கையாளாக நிற்பதுதான் அது. வார்ப்பு என்கிற பெரிய பாத்திரத்தில் சோறு பொங்கும் புகையில், ஐநூறு இலைக்கு அவியல் இறங்குகிற நேரத்திலும் உணவின் மீதான ஆசை குறையாமல் இருக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும். போன மாதம் விளவங்கோட்டிலிருந்து தன் தந்தையோடு வந்த பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். தோவாளைத் தவசிப்பிள்ளை ஒருவர் ஆவணி முகூர்த்தங்களுக்கு அவளைத் தன் குழுவில் சேர்த்துக்கொள்ள இசைந்திருக்கிறார். முதல் வேலை தேங்காய் துருவுவது, நாளொன்றுக்கு முந்நூறு தேங்காயாவது இருக்கும் என்று சொல்லியனுப்பினார். அவள் வருவதாகப் பதில் அனுப்பிவிட்டாள்.