இரவிலும் பல் தீட்டுவது: நீண்டகாலப் பாவனையில் தெரிந்தவை

வன்னியில் பல் தீட்டுவது காலைக்குரிய வேலை. கிணற்றடியில் முகம் கழுவுகையில் அதுவும் முடிந்துவிடும். இரவிலோ கடைசிச் சீனித் தேத்தண்ணியோடு படுத்துவிடுகிறோம். நித்திரையில் உமிழ்நீர் சுரப்பது குறையும். பல்லில் தங்கிய சீனியைக் கிருமிகள் அமிலமாக்க, சூத்தை அங்கேதான் தொடங்குகிறது. நாளில் ஒரு தடவைதான் ஒழுங்காகச் செய்ய முடியுமென்றால் இரவைத்தான் சொல்லுவேன்.

பிரஷ் 'சொஃப்ட்' ஆக இருக்கட்டும். கடினமான பிரஷ் தொடக்கத்தில் நன்றாக வெளுப்பதுபோலத் தோன்றும். ஆனால் அழுத்திக் குறுக்கே இழுத்துத் தீட்டினால், வருடங்கள் போக முரசு விலகி வேர் வெளியே தெரியும். குளிர்தண்ணி பட்டாலே கூசும். பல்லும் முரசும் சேரும் கோட்டில் பிரஷை 45 பாகை சரித்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக இரண்டு மூன்று பல்லாக நகருங்கள். எல்லாமாக 2 நிமிடம். பலரும் விட்டுவிடுவது கீழ் முன்பற்களின் உட்பக்கத்தை; ஊத்தை கல்லாய் இறுகுவதும் அங்கேதான். கடைசிக் கொடுப்புப் பல்லின் பின்புறமும் அப்படியே தப்பிவிடும்.

முரசில் இரத்தம் கண்டதும் தீட்டுவதை நிறுத்துவது பிழை. அநேகமாக ஊத்தை தங்கி வீங்கிய முரசுதான் கசியும். மெதுவாகத் தொடர்ந்து தீட்ட, ஒன்றிரண்டு கிழமையில் அடங்கும். அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

பேஸ்டில் பல்லைக் காக்கும் புளோரைட் 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்க வேண்டும். தீட்டியபின் நுரையைத் துப்பினால் போதும். வாளித் தண்ணியில் கொப்பளித்தால் புளோரைட்டும் கழுவுப்பட்டுப் போகும். இந்தப் பழக்கத்தை விடுவதுதான் ஆகக் கடினம். வாய் வழவழப்பாக இருக்கிறதென்று சில நாள் மனம் ஒப்பாது.

"கிணற்றுத் தண்ணியிலேயே புளோரைட் இருக்கே, பிறகு பேஸ்டில் எதுக்கு?" வவுனியாப் பக்கம் இது நியாயமான கேள்விதான். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம்; அதைத் தாண்டும் குழாய்க்கிணறுகள் அங்கே உண்டு. கெடுதல் விழுங்குவதால் வருவது. ஏறத்தாழ 8 வயதுவரை தாடைக்குள் பல் உருவாகும்போது உள்ளே போன மிகைப் புளோரைட் பல்லின் வெளிப்படையான எனாமலைக் கெடுத்துக் கறையாக்கும். முளைத்த பல்லின் மேலே படும் பேஸ்டோ அதைக் காக்கும். மிகைப் புளோரைட்டால் வந்த மண்ணிறக் கறை எனாமலுக்குள்ளேயே இருப்பதால் உமிக்கரி போட்டுத் தேய்த்தாலும் போகாது, பல்தான் தேயும். தண்ணியைக் கொதிக்க வைத்தாலும் புளோரைட் போகாது. வற்ற வற்றச் செறிவுதான் கூடும். பிள்ளைகளுக்குக் குடிக்க, புளோரைட்டை நீக்கும் ஆர்ஓ வடிகட்டியில் எடுத்த தண்ணி கொடுங்கள்; சாதாரண வடிகட்டி அதை நீக்காது.

வேப்பங்குச்சி முன்பற்களுக்குப் பரவாயில்லை. கொடுப்புப் பல்லின் உட்பக்கத்துக்கு எட்டாது.

3 வயதுக்குள் அரிசிமணியளவு பேஸ்ட், 6 வயதுவரை பட்டாணியளவு. இனிப்புப் பேஸ்டைப் பிள்ளைகள் நக்கி விழுங்குவார்கள், ஆகவே பெரியவர்தான் பிரஷில் வைத்துக் கொடுக்க வேண்டும். 7 வயதுவரை கூடநின்று தீட்டியும் விட வேண்டும். பிரஷை 3 மாதத்துக்கொருக்கால் மாற்றுங்கள். தும்பு விரிந்துவிட்டால் அதற்கு முன்பே.