ஆன்டிக் அலமாரி வாங்கப் போறீங்களா? முதல்ல அதோட முதுகைப் பாருங்க

1956 வரைக்கும் எங்க செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம்தானே இருந்தது. அதனாலோ என்னவோ, ‘தறவாட்டு அலமாரி’ (பழைய கேரளக் குடும்ப வீட்டு அலமாரி) என்று யாராவது சொன்னால் எங்களுக்கு மனசு இளகிவிடும். அந்த இளக்கத்துக்கு நான் கொடுத்த விலை 18,500 ரூபாய். வேன் வாடகை 2,200 தனி.

ஏப்ரலில் வாங்கினோம். ஆரியங்காவு தாண்டி புனலூர் போகிற வழியில் ஒரு பழைய மரச்சாமான் கடை. கரும்பச்சை பெயிண்ட், மூலை இடுக்கெல்லாம் காப்பிக்கொட்டை நிறத்தில் கிளேஸ் (பழசு மாதிரி தெரிய பெயிண்ட் மேல் பூசுகிற மெல்லிய சாயம்), மேலே மெழுகு தேய்த்த மினுமினுப்பு. “நூறு கொல்லம் பழக்கம் உண்டு சேச்சி, அசல் தேக்கு” என்றார் கடைக்காரர். நூறு வருஷப் பழசாம். “தேக்குக்கு எதுக்கு பெயிண்டு?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். “இப்போ எல்லாரும் இந்த பினிஷ்தான் கேக்குறாங்க” என்று கடைக்காரர் சொல்வதற்குள் நானே என் வீட்டுக்காரர் வாயை அடைத்துவிட்டேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. ‘பழைய அலமாரி 1’ என்று இருந்தது. மரத்தின் பேர் இல்லை.

ஜூனில் சாரல் கட்டியது. கதவைத் தொட்டால் விரல் பிசுபிசு என்று ஒட்டியது. பட்டுப்புடவையில் மண்ணெண்ணெய் வாடை. மேலே ஈரச் சொம்பு வைத்த இடத்தில் வெள்ளை வளையம். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஜூலையில் அலமாரிக்கு அடியில் மாவு கொட்ட ஆரம்பித்தது. மைதா மாதிரி அவ்வளவு நைசு. பெருக்கித் தள்ளினால் மறுநாள் காலை அதே இடத்தில் அதே அளவு.

தெரு ஆசாரியைக் கூப்பிட்டோம். அலமாரியைச் சுவரை விட்டு நகர்த்தச் சொல்லி, பின்பலகையில் உளியால் நகம் அளவுக்குச் சுரண்டினார். வெளிறிய வைக்கோல் நிறம், நடுவே நீலக்கறுப்பாக ஓட்டம். “அக்கா, இது ரப்பர் மரம்லா” என்றார்.

ரப்பர் மரத்தின் மேல் தப்பில்லை. பால் எடுத்து முடித்து 25, 30 வருஷத்தில் வெட்டுகிற மரத்தில் நல்ல மேசை நாற்காலி செய்கிறார்கள். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். அறுத்த சூட்டோடு போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல் ஏற்றிக் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடித்து நீலக்கறை விழும், வண்டும் வைக்கும். அந்தக் கறையை மறைக்கத்தான் கரும்பச்சையும் கிளேஸும். வண்டுத் துளைகளில் மெழுகையும் மரத்தூளையும் குழைத்து அடைத்து, அதன் மேலேயே பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஆசாரி ஊசியால் குத்தக் குத்த வரிசையாகத் திறந்துகொண்டது.

பிறகு ஒரு கீலைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஸ்டார் ஸ்குரு, தலையில் கூட்டல் குறி வெட்டியது. அது உலகத்துக்கு வந்ததே 1930-களில்தான். நம்ம அலமாரிக்கு நூறு கொல்லம்!

வேலையும் வேலையாக இல்லை. பழைய வார்னிஷை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமலே பெயிண்ட் அடித்ததால் விளிம்பில் நகம் பட்டாலே தோலாக உரிகிறது. கிளேஸை நன்றாகக் காயவிட்டு, மெழுகை மெல்லிசாகப் பூசித் துணியால் தேய்த்து எடுத்தால் இப்படிப் பிசுக்காது. இது மெழுகுவத்தியை மண்ணெண்ணெயில் உருக்கி அப்பியது என்று வாடையை வைத்தே சொன்னார். சரி, திரும்ப அடித்துக்கொள்ளலாம் என்றால் மெழுகு மேல் எந்தப் பெயிண்டும் நிற்காதாம். டர்பன்டைன் போட்டு மொத்த மெழுகையும் வழித்து, தேய்த்து, பிறகு பிரைமர். கூலி 9,000 சொன்னார். வண்டு மருந்து தனி.

உண்மையாகவே புழங்கிய அலமாரி கைபட்ட இடத்தில்தான் தேயும்: கைப்பிடி ஓரம், சாவித் துவாரத்தைச் சுற்றி. எங்களதில் கை எட்டாத உச்சி மூலைகூட அச்சடித்த மாதிரி ஒரே அளவில் தேய்ந்திருந்தது. கடையில் என் கண்ணுக்கு அது அழகாகத்தான் தெரிந்தது, என்ன செய்ய.

கடைக்காரருக்குப் போன் போட்டால், “மழைக்காலத்துல எல்லா மரமும் இப்படித்தான் சேச்சி” என்றார். இரண்டாவது தடவை, “பார்டர் தாண்டின சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம்.” மூன்றாவது தடவை எடுக்கவில்லை.

இந்த பார்டர் பேச்சுக்குப் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். ஜிபேயில் பணம் போட்டது நல்லதாகப் போயிற்று, அந்தத் துண்டுச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ‘தேக்கு’ என்ற ஒரு வார்த்தையை அதில் எழுதி வாங்கியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

கட்டிலுக்கும் வண்டு தொற்றிவிடுமோ என்று அலமாரியைப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டோம். புகார் முடியும்வரை பிரிக்கக் கூடாது. பிரித்தால் என்ன தேறும் என்று ஆசாரியிடம் கேட்டேன். சுற்றி வந்து பார்த்துவிட்டு, “கீலு நாலும் நல்லாருக்கு அக்கா” என்றார்.